ஆர்டர் கொடுத்துச் செய்த பூல் கியூ: விற்றால் போட்ட பணம் வருமா?

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் ஒரு கைவினைஞரிடம் சொல்லி பூல் கியூ (பூல் மேஜையில் பந்தை அடிக்கும் கோல்) ஒன்று செய்துகொண்டேன். கைப்பிடி உள்ள தடித்த பின்பாதியான பட்டில் (butt) என் பெயரைப் பதித்திருக்கிறார். கூடவே பந்தை அடிக்கும் மெல்லிய முன்பாதியான ஷாஃப்ட் இரண்டு. இப்போது விற்க நினைக்கிறேன். போட்ட பணம் திரும்ப வருமா? விற்பதற்கு முன் கைப்பிடிக்குப் புது லினன் சுற்றி, மேற்பூச்சும் புதிதாகப் போட்டுவிடலாமா?

பதில்: மேற்பூச்சு யோசனையை முதலில் கைவிடுங்கள். சேகரிப்பவர்கள் தேடுவது செய்தவரின் கைவேலையை. வேறொருவர் தேய்த்துப் பூசிய கியூ எவ்வளவு பளபளத்தாலும் அவர்கள் கண்ணுக்குக் குறைபட்டதுதான். பூச்சு போட்டே ஆகவேண்டிய நிலை என்றால் செய்தவரிடமே அனுப்புங்கள், அவர் செய்தால் மதிப்பு குறையாது. லினனும் அப்படித்தான். அழுக்காக இருந்தால் இருக்கட்டும்.

இனி பணம். கியூவின் மறுவிற்பனை விலையைத் தீர்மானிப்பது மரமோ வேலைப்பாடோ அல்ல, பெரும்பாலும் செய்தவரின் பெயர்தான். அமெரிக்காவின் ஜார்ஜ் பலபுஷ்காவைப் பாருங்கள். 1959-இல் தொடங்கி 1975-இல் இறக்கும்வரை அவர் செய்தது ஆயிரத்துச் சொச்சம் கியூக்கள். அவற்றில் பலவற்றுக்குக் கூர்முனை வடிவில் ஏற்கெனவே இணைத்துவைத்த பட்டு மரத்தை பிரன்ஸ்விக் நிறுவனத்திடமும், பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோரிடமும் வாங்கியே பயன்படுத்தினார். ஆனாலும் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போடுவது அவர் பெயருக்குத்தான். 1986-இல் வந்த ஹாலிவுட் படமொன்று அந்தப் பெயரை ஊரறியச் செய்தது. திரையில் பலபுஷ்காவாகக் காட்டப்பட்டது உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கியூ!

உயிரோடிருக்கும் கைவினைஞர் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவரிடம் இன்று ஆர்டர் கொடுத்தால் எப்போது கிடைக்கும்? அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் கியூவுக்கு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பழையதை வாங்குகிறவர் காத்திருக்காமல் இருப்பதற்கும் சேர்த்துப் பணம் தருகிறார். உங்கள் கைவினைஞர் மூன்றே மாதத்தில் செய்து தருகிறார் என்றால், அடுத்தவர் பெயர் பதித்த கியூவை முழு விலைக்கு யார் வாங்குவார்? போட்ட பணத்தில் கணிசமான பகுதியை மறந்துவிட வேண்டியிருக்கும். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. பெயர்ப் பதிப்பை மறைக்கவும் முயல வேண்டாம், தோண்டினால் இன்னும் கெடும்.

நிலைமையைச் சோதிக்கும்போது பலரும் கியூவின் இரண்டு பாதியையும் பூட்டியபடியே மேஜையில் உருட்டிப் பார்க்கிறார்கள். அது போதாது. பட்டைத் தனியாக, ஷாஃப்ட்டைத் தனியாக உருட்டுங்கள், அடியில் தெரியும் வெளிச்சக் கீற்று அகலமாகிச் சுருங்குகிறதா என்று கவனியுங்கள். தனித்தனியே நேராக ஓடி, பூட்டினால் மட்டும் ஆடினால் கோளாறு இரண்டும் இணையும் ஜாயின்ட்டில். ஷாஃப்ட்டின் முனை விட்டத்தையும் அளந்து சொல்லுங்கள். பூல் ஷாஃப்ட் வழக்கமாக 13 மி.மீ. அளவில் இருக்கும். அடிக்கடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் இளைத்திருக்கும், இளைத்ததை மறுபடி பருமனாக்க முடியாது. நீங்கள் கார்பன் ஷாஃப்ட்டுக்கு மாறி ஆடியவராக இருந்தால் ஒருவகையில் நல்லது, அசல் ஷாஃப்ட் இரண்டும் தேயாமல் இருக்கும். இரண்டையும் சேர்த்தே விற்க வேண்டும்.

அப்புறம், ஃபெரூலிலோ (ஷாஃப்ட் முனையில் உள்ள வளையம்) ஜாயின்ட்டிலோ பதிப்பிலோ தந்தம் இருக்கிறதா என்று செய்தவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்கா 2016-இல் ஆப்பிரிக்க யானைத் தந்த வணிகத்தை ஏறக்குறைய முழுவதும் தடை செய்தது. தந்தம் உள்ள கியூவை எல்லை தாண்டி அனுப்பினால் பறிபோகலாம். பிரேசில் ரோஸ்வுட் மரத்துக்கும் 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு.

விளம்பரம் கொடுக்கும் முன் முதல் போனைச் செய்தவருக்கே போடுங்கள். மரம், எடை, செய்த வருடம் எல்லாம் எழுதிய கடிதம் ஒன்று கேளுங்கள். அவர் வேலையைத் தேடி வருகிறவர்கள் யார் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.