சோம்பேறி என்று எழுதாதீர்கள்

அன்புள்ள அக்கா,
என் தம்பிக்கு 27 வயது. பழைய ஃபைலில் 'பாரனாய்டு ஸ்கிசோஃப்ரினியா' (சந்தேகம் மிகுந்த மனச்சிதைவு நோய்) என்று இருக்கிறது. இப்போதைய டாக்டர் வெறும் ஸ்கிசோஃப்ரினியா என்கிறார். யார் சொல்வது சரி? எந்த வகை மோசமானது? மாத்திரையில் காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் மகா சோம்பேறியாகிவிட்டான், குளிக்கக்கூடத் திட்ட வேண்டியிருக்கிறது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இருவருமே சரிதான். முன்பு சந்தேகம் மிகுந்தால் பாரனாய்டு, பேச்சும் நடத்தையும் குழம்பினால் ஹெபிஃப்ரினிக், உடல் அசையாமல் உறைந்தால் கேட்டடோனிக் என்றெல்லாம் வகை பிரித்தார்கள். ஒரே ஆளிடம் வகை மாறிக்கொண்டே இருந்தது. வகையை வைத்து நோயின் போக்கைச் சொல்லவும் முடியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தபோது அந்தப் பிரிவுகளைக் கைவிட்டது, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-உம் கைவிட்டது. அதை விடுங்கள்.

கல்யாணத்தை மருந்தாக நினைக்கவே கூடாது. அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

எனக்கு வலித்தது 'சோம்பேறி'. தம்பியைத் தாங்குகிற உங்கள் கையிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது?

என் சித்தப்பாவுக்கும் இதே நோய். ரேடியோ தன்னைப் பற்றிப் பேசுகிறது என்று அதைப் பிரித்துப் போட்டவர். மருந்தில் அது அடங்கியதும் திண்ணையோடு ஒடுங்கினார். 'தண்டச்சோறு' என்பாள் ஆச்சி. காபி டம்ளரைக் கையில் வைத்திருப்பார், ஆடை படிந்து ஆறிப்போகும். பதினான்கு வயதில் நான் ஒருநாள் கத்தினேன்: "குடிக்கக்கூடவா முடியாது?" அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குடிக்கணும்னு தெரியுதும்மா. கை கெளம்ப மாட்டேங்குது."

அந்தக் கிளம்பாமைதான் நோய். 1908-இல் இந்த நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்த சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர், குரல் கேட்பதைத் துணை அறிகுறியாகத்தான் வைத்தார். எண்ணம் கோர்வை இழப்பதும் உணர்ச்சி வற்றுவதும்தான் அவருக்கு அடிப்படை. நம் வீடுகளில் தலைகீழ். சத்தம் போட்டால் நோய், சும்மா இருந்தால் திமிர். இப்போதுள்ள மாத்திரைகள் குரலை அடக்குகிற அளவுக்கு இந்த முடக்கத்தை அசைப்பதில்லை. திட்டினால் அவன் இன்னும் சுருங்குவான், அவ்வளவுதான். வாளியில் வெந்நீர் ஊற்றி, துண்டை அவன் கையில் கொடுத்து, "வா" என்று கூடவே நடங்கள். முதல் வாரம் முகம் மட்டும் கழுவினாலும் போதும்.

மருந்தின் மந்தமும் மனச்சோர்வும்கூட இப்படி உட்கார வைக்கும். அதனால் டாக்டரிடம் "குரல் நின்னாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். எத்தனை மணிக்கு எழுகிறான், எதைத் தொடங்கி எங்கே நிறுத்துகிறான் என்று ஒரு வாரம் குறித்துக் கொண்டுபோங்கள். எங்கே நின்றுபோகிறது என்று தம்பியிடமும் கேளுங்கள். சித்தப்பாவிடம் நாங்கள் யாரும் அமைதியாகக் கேட்டதில்லை. நான் கத்தியதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.