ஒரே நாள்ல மூணு ஊரா? வேலூர்க்காரர் பதில்கள்

தாம்பரம் வாசகி: ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பி வேலூர் கோட்டை, தங்கக்கோயில், ஏலகிரி மூணும் பாத்துட்டு, ஆம்பூர்ல பிரியாணி சாப்டு நைட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு பிளான். கூட முட்டிவலி மாமியார், ரெண்டு பசங்க. சரியா வருமா?

வராதும்மா. சென்னைல இருந்து வேலூரே 140 கிலோமீட்டர், ஆம்பூர் அதுக்கும் மேல ஒரு 50, ஏலகிரி அதையும் தாண்டி, அப்புறம் இவ்ளோவும் திரும்பி வரணுமே, பசங்க பாக்கறது ரோடுதான். ஏலகிரிய வெட்டிடுங்க.

காலை ட்ரெயின்ல காட்பாடி இறங்கி, டவுன் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ புடிச்சி பழைய பஸ் ஸ்டாண்ட் வந்தா எதிர்லயே கோட்டை. எங்க ஊர கிண்டல் பண்றதுக்கு ஒரு வசனமே உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதுல கடைசி ஒண்ணு மட்டும் பொய்யாயிடுச்சி, 1981ல கோட்டைக்குள்ள இருக்கிற சிவன் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துட்டார். நேரா சாமி கும்புட ஓடாம, கல்யாண மண்டபத்துல நின்னு தலைய தூக்கி பாருங்க, கூரைல தலைகீழா தொங்குற கிளிங்க, தூண்ல முன்னங்கால தூக்கி நிக்கிற குதிரைங்க, பசங்கள விட்டா எண்ணிக்கினே இருப்பாங்க. 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சி இதே கோட்டைலதான், 1857க்கு அரை நூற்றாண்டு முன்னாடி, அத அங்க வச்சி சொன்னா மனசுல நிக்கும்.

ஒண்ணு மட்டும் கேளுங்க, பத்து மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஒரு சித்திரைல மாமனார மத்தியானம் கூட்டினு போய் மாட்டிக்கிட்டேன், செருப்ப வெளிய விட்டாச்சி, கல்லு தோசைக்கல்லா கொதிக்குது, மனுஷன் ஒத்தக்கால்ல குதிச்சி குதிச்சி நிழலுக்கு வந்து சேந்தார், இன்னி வரைக்கும் என்கூட எந்த ஊருக்கும் வர்றதில்ல. வெயிலூர்னு சும்மா சொல்லல.

தங்கக்கோயில சாயந்திரமா வச்சிக்குங்க, லைட்டு போட்டப்புறம்தான் அழகு. நட்சத்திர வடிவ பாதைல ரொம்ப தூரம் நடக்கணும், மாமியார் முட்டிய யோசிச்சி முடிவு பண்ணுங்க. ஷார்ட்ஸ் போட்டா விட மாட்டாங்க, போனும் வெளியவே. பிரியாணி? ஆம்பூர் வரைக்கும் போகாதீங்க, சீரக சம்பா, புளிப்பு கத்திரிக்காயோட வேலூர்லயே நல்லா கிடைக்கும். ஆம்பூர்க்காரங்க என்ன அடிக்க வருவாங்க, பரவால்ல.

பெரம்பூர் வாசகர்: ஏலகிரி ஊட்டி மாதிரி இருக்குமா?

இருக்காது சார். சுமார் 1,100 மீட்டர் உயரம்தான், குளிர் லேசா. ஜோலார்பேட்டைல இறங்கி பஸ்ல ஏறுங்க, 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பாரி, ஓரின்னு வள்ளல்கள் பேரும் கவிஞர்கள் பேரும் வச்சிருக்காங்க. மேல ஒரு ஏரி, படகு, பலாப்பழம், அவ்ளோதான். ஒரு நைட்டு தங்குனா சுகம், போன உடனே திரும்புனா வளைவு மட்டும்தான் ஞாபகத்துல இருக்கும்.

அம்பத்தூர் வாசகி: பையனுக்கு டெலஸ்கோப் பைத்தியம், வழி உண்டா?

காவலூர் போங்க. வாணியம்பாடில இருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை மேல. 1986ல தொடங்குன 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்க இருக்கு. எந்த நாள்ல பொதுமக்கள விடுறாங்கன்னு முன்னாடியே கேட்டுட்டு கிளம்புங்க. மேகம் மூடுனா வானம் தெரியாது, ஐப்பசி கார்த்திகைல போயி ஏமாறாதீங்க. பையனுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வைங்க.