புது டூரிங் பைக், முதல் ஓட்டம்: வாசகர் கேள்விகள்

ஹிமாலயன் 450 எடுத்திருக்கிறேன். என் உயரம் 5 அடி 4 அங்குலம். ஓடும்போது பயமில்லை, நிறுத்தும்போதுதான் கை நடுங்குகிறது. (தேவகோட்டை)

வண்டி 196 கிலோ, சீட் 825 மி.மீ. உயரம். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியாது. பதிய வேண்டியதும் இல்லை. நிற்கும்போது ஹேண்டில் நேராக இருக்கட்டும், வலது கால் பின் பிரேக்கில், இடது கால் தரையில். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பாதி சாய்ந்த வண்டியைப் பலசாலியாலும் தாங்க முடியாது. பெட்ரோலும் பாரம்தான், முதல் சில நாள் அரை டேங்க் போதும்.

விடியற்காலையில் கானாடுகாத்தான் போங்கள். தெருக்கள் அகலமாக, நேர்நேராக இருக்கும். முதல் கியரில், கிளட்ச்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி திருப்பிப் பழகுங்கள். பார்வை எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும், அதனால் தரையைப் பார்க்காதீர்கள்.

அப்புறம் சைடு ஸ்டாண்ட். மழை நனைத்த செம்மண் அதைத் தாங்காது. ஒருமுறை ஆத்தங்குடி பக்கம் டீ குடிக்க நிறுத்தினேன். டம்ளர் கைக்கு வருவதற்குள் ஸ்டாண்ட் இரண்டு விரற்கடை புதைந்து, வண்டி மெல்லப் படுத்துவிட்டது. கிளட்ச் லீவர் முனை போயிற்று. அன்றிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு என் பையிலேயே இருக்கிறது.

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்கிறார் அப்பத்தா. ஷோரூம் காரைக்குடியில். வழியில் என்ன கவனிக்க வேண்டும்? (காரைக்குடி)

அப்பத்தா சொன்னபடியே செய்யுங்கள். குன்றக்குடி வழியாக 15 கி.மீ.க்குள்தான், முதல் ஓட்டத்துக்கு அளவான தூரம். புது டயர் வழவழப்பாக இருக்கும், முதல் 150 கி.மீ. வரை வளைவில் அதிகம் சாய்க்க வேண்டாம். பிரேக் பேடும் டிஸ்க்கில் இன்னும் படிந்திருக்காது, முன்னால் போகும் பஸ்ஸுக்குத் தள்ளியே போங்கள்.

பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். நார் தொங்கி முன் சக்கரத்தில் சுற்றினால் ஆபத்து. எலுமிச்சம்பழம் நசுக்கிய டயரைத் துணியால் துடைத்துவிடுங்கள். சந்தனம், குங்குமம் ஹெட்லைட்டில் வைக்கலாம், பிரேக் டிஸ்க்கில் மட்டும் பட வேண்டாம்.

முதல் சர்வீஸ் வரை 60ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். சரியா? (பள்ளத்தூர்)

வேகத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஐந்தாவது கியரில் 35இல் திணறவிட்டு முறுக்கினால் அதுவும் இன்ஜினுக்குக் கெடுதிதான். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசிப் படியும் காலம் இது. ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முழுசாக முறுக்காதீர்கள். திருமயம் வரை நெடுஞ்சாலையில் போனால், திரும்பும்போது ஊர்களுக்குள் புகுந்து வாருங்கள். உரசலில் உதிரும் உலோகத் துகள் ஆயிலில்தான் சேரும், அதனால் முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது. மற்றபடி உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் அளவுதான் கணக்கு.

முதல் வாரமே மனைவியையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றி ராமேஸ்வரம் போகலாமா? (குன்றக்குடி)

வேண்டாம். முதல் சர்வீஸ் முடியட்டும், செயினையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அதன் பிறகு, கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போதே இருவருக்கான காற்றை வைத்து, பின் சஸ்பென்ஷனையும் பாரத்துக்கு ஏற்ப இறுக்கிக்கொண்டு போங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் காலையிலும் அந்தியிலும் மயில் குறுக்கே பாயும், 40க்கு மேல் வேண்டாம்.