ஜென்ட்ஸ், லேடீஸ் இல்லாமல் கான்ட்ரா நடத்துவது எப்படி?

கேள்வி: கான்ட்ரா (ஜோடிகள் நீண்ட வரிசைகளில் நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) குழு ஒன்றில் காலராக, அதாவது அடுத்த அசைவை அறிவிப்பவராக, பழகிவருகிறேன். எங்களிடம் பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் ஜோடி சேர்ந்து ஆடுவது சகஜம். "ஜென்ட்ஸ்", "லேடீஸ்" என்று அழைத்தால் பாதிப் பேர் குழம்புகிறார்கள். ஜோடியின் இரு பாத்திரங்களையும் வேறு எந்தப் பெயர்களில் அழைக்கலாம்?

பதில்: லார்க்ஸ், ராபின்ஸ். இரண்டும் பறவைப் பெயர்கள். இன்று பல கான்ட்ரா குழுக்களில் இவைதான் புழங்குகின்றன, நானும் இவற்றையே சொல்வேன். ஜோடியில் இடப்பக்கம் இருப்பவர் லார்க், வலப்பக்கம் இருப்பவர் ராபின். லெஃப்டுக்கு லார்க், ரைட்டுக்கு ராபின் என்று முதல் எழுத்தே ஞாபகப்படுத்திவிடும். காலருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜென்ட்ஸ், லார்க்ஸ் இரண்டும் ஆங்கில உச்சரிப்பில் ஓரசை. லேடீஸ், ராபின்ஸ் இரண்டும் ஈரசை. ஒரு ஃபிகர், அதாவது ஓர் அசைவு, பெரும்பாலும் 8 தட்டு ஓடும். அது முடிவதற்குள் அடுத்ததைச் சொல்லியாக வேண்டும். அசை ஒத்துப்போவதால் பழகிய தாளம் கெடாது.

லீட் (நடத்துபவர்), ஃபாலோ (பின்தொடர்பவர்) வேண்டாம். கான்ட்ராவில் அடுத்து என்ன என்று முடிவு செய்வது ஜோடி அல்ல, காலர். ஃபாலோ என்று பெயர் வாங்கியவர், ஜோடி இழுக்கட்டும் என்று காத்திருந்து பின்தங்கிவிடுவார். ஜெட்ஸ், ரூபீஸ் என்றும் ஒரு ஜோடிப் பெயர் உண்டு. கேட்ட மாத்திரத்தில் எது ஆண், எது பெண் என்று மனசு பிரித்துவிடுகிறது, அப்புறம் மாற்றி என்ன பயன்? பழைய குறிப்புகளில் ராபினுக்குப் பதில் ரேவன் இருக்கும். ரேவன் சில அமெரிக்கப் பூர்வகுடிகளுக்குப் புனிதமான பறவை என்பதால் அதைக் கைவிட்டார்கள்.

இங்கிலிஷ் கன்ட்ரி நடனம் என்றால் பெயரே இல்லாமல் பெரும்பாலும் சமாளிக்கலாம். பார்ட்னர் (ஜோடி), நெய்பர் (பக்கத்து ஜோடியில் இருப்பவர்), முதல் கார்னர், இரண்டாம் கார்னர் (மூலைக்கு மூலை எதிரெதிரே நிற்பவர்கள்) என்று இடத்தை வைத்தே அழைத்துவிடலாம்.

புதியவர்களுக்குப் பெயரை விளக்கி நேரத்தைப் போக்காதீர்கள், சுவிங்கில் (ஜோடி பிடித்துக்கொண்டு சுழலும் அசைவு) காட்டுங்கள். லார்க்கின் வலக்கை ராபினின் முதுகில் இருக்கும். நீட்டிப் பிடித்த கைகளை விட்டுத் திறந்தால் ராபின் தானாக லார்க்கின் வலப்பக்கம் வந்து நிற்பார். இங்கே இடம் மாறி நின்றால் அடுத்து வரும் செயினில் (ராபின்கள் குறுக்கே கடந்து இடம் மாறும் அசைவு) தவறான ஆள் குறுக்கே போய்விடுவார். அதனால் வாக்‑த்ரூவில் (இசைக்கு முன் நடந்து பார்க்கும் ஒத்திகையில்) ஒவ்வொரு சுவிங் முடிந்ததும் நிறுத்தி, "ராபின் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அடுத்த நடனத்தில் விரும்பியவர்கள் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளட்டும்.

கடைசியாக உங்கள் கார்டுகள், அதாவது நடனத்தின் அசைவுகளை எழுதி வைத்திருக்கும் அட்டைகள். பழைய கார்டில் 'எல்' என்றால் லேடீஸ், அதாவது இன்றைய ராபின். புதுக் கார்டில் அதே 'எல்' லார்க். இரண்டும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தால் மேடையில் நேர் எதிராக அழைத்துவிடுவீர்கள். ஒரு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் முழுப் பெயராகத் திருத்தி எழுதிவிடுங்கள். அதுவரை பழைய கார்டை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.