2013 விலையில் மரக்காணம் மனை: நகையை வைத்து வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கடலூரில் 8,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். புதுச்சேரியில் தனியார் நிறுவன வேலை, கையில் வருவது 46,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 16,000. மாதம் 20,000 மிச்சம் பிடிக்கிறோம். சேமிப்பு 14 லட்சம். ரியல் எஸ்டேட்டில் கால் வைக்க ஆசை. மரக்காணம் அருகே, கடலிலிருந்து நடக்கும் தூரத்தில், 1,200 சதுர அடி மனைகள் இரண்டு வருகின்றன. உரிமையாளர் 2013-ல் சதுர அடி 550 ரூபாய்க்கு வாங்கியவர், இப்போது 600-க்கே தருகிறார். ‘இந்தப் பக்கம் மார்க்கெட் படுத்திருக்கிறது, இப்போது வாங்கினால்தான் லாபம்’ என்கிறார் புரோக்கர். இரண்டையும் வாங்கப் பணம் போதாததால் மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று இருக்கிறேன். டோக்கனாக 10,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். மேலும் ஒரு லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கேட்கிறார். சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: முதலில் நகையைப் பீரோவிலேயே வையுங்கள். அந்த ஒரு லட்சத்தையும் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. அந்த உரிமையாளரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2013-ல் ஒரு மனைக்கு அவர் போட்டது 6.6 லட்சம், பத்திரச் செலவு தனி. அதை 7% வட்டியில் வங்கியில் போட்டுவிட்டு மறந்திருந்தால் 12 வருடத்தில் சுமார் 14.9 லட்சம் ஆகியிருக்கும். அவர் கேட்பது 7.2 லட்சம். விட்டால் போதும் என்று நிற்கும் அவருடைய இடத்தில்தான் நீங்கள் போய் நிற்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் பக்கக் கணக்கு இது. மனை விலை 7.2 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 64,800. (வழிகாட்டி மதிப்பு, அதாவது அரசு அந்த இடத்துக்கு நிர்ணயித்த விலை, இதைவிட அதிகமாக இருந்தால் அதன் மீதுதான் கணக்கு. 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தை மனைவி பெயரில் பதிந்தால் 1% குறையும்.) புரோக்கர் கமிஷன் 2% என்றால் 14,400. ஆக ஒரு மனை உங்களுக்கு 8 லட்சத்தில் வந்து நிற்கும், இரண்டும் சேர்ந்து 16 லட்சம். ஐந்து வருடம் கழித்து வெறும் வங்கி வட்டி அளவுக்காவது கிடைக்க வேண்டுமானால் ஒரு மனை 11.2 லட்சத்துக்கு விலைபோக வேண்டும், அதாவது சதுர அடி 935 ரூபாய். 12 வருடத்தில் 50 ரூபாய் ஏறிய இடம், 5 வருடத்தில் 335 ரூபாய் ஏறும் என்று நம்ப என்ன காரணம்? புரோக்கரிடம் இதைக் கேளுங்கள். ‘ரோடு வருது சார்’ என்பார். என்னிடமும் 2007-ல் அதையேதான் சொன்னார்கள். ரோடும் வந்தது, ஆனால் என் மனையைக் கேட்டு யாரும் வரவில்லை. வருடா வருடம் வேலிக்கருவையை வெட்டக் கூலி கொடுத்தேன். நடுவில் இரண்டு வருடம் போகாமல் விட்டதில் எல்லைக் கல்லையே காணோம், சர்வேயரை வைத்துத் திரும்ப அளக்க வேண்டியதாயிற்று.

மந்தமான சந்தையில் இரண்டு வகைச் சொத்து விற்பனைக்கு வரும். ஒன்று, சொத்து நன்றாக இருக்கிறது, உரிமையாளருக்குத்தான் அவசரம்: மகள் கல்யாணம், கடன், வெளிநாட்டில் குடியேற்றம். இன்னொன்று, உரிமையாளர் நன்றாகத்தான் இருக்கிறார், சொத்தில்தான் கோளாறு. முதல் வகை விலை குறைந்தது, இரண்டாவது விலை போகாதது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கடலோரத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும்.

உங்கள் மனையில் எனக்கு முதல் சந்தேகம் ‘கடலிலிருந்து நடக்கும் தூரம்’ என்பதில்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை ஏறும்போது கடல்நீர் எட்டும் எல்லை) 500 மீட்டர் வரை செல்லும். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர் பொதுவாகக் கட்டடம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளுக்கு இதை 50 மீட்டராகக் குறைத்தது. உங்கள் சர்வே எண் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அலுவலகத்தில் எழுத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கடல் மட்டும் இல்லை, அலை ஏறி இறங்கும் உப்பங்கழி ஓரத்துக்கும் விதி உண்டு. மரக்காணத்தில் கூடுதலாக ஒன்று: கழுவெளி என்ற சதுப்பு நிலம். 2021-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதை ஒட்டிய நிலம் என்றால் கட்டுவதற்கு முன் ஆயிரம் கேள்வி வரும்.

அடுத்தது லே-அவுட் அங்கீகாரம். 2013-ல் போட்ட மனைப்பிரிவு என்பதால் இதைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் காலத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லியே ஏராளமாக விற்றார்கள். அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு, 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு வழி விட்டார்கள். இதில்தான் சிக்கலே. பழைய மனை என்பதால் உங்கள் பெயருக்குப் பத்திரம் பதிவாகிவிடும், நீங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். வரன்முறைப்படுத்தாத, அதாவது பிறகாவது அரசிடம் முறைப்படி அங்கீகாரம் வாங்காத மனை என்றால் வீடு கட்ட அனுமதி கேட்கும்போதுதான் விஷயம் தெரியும். டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணையோ, வரன்முறை ஆணையையோ கையில் வாங்கிப் பாருங்கள்.

பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வில்லங்கம் 30 வருடத்துக்குப் போடுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து பவர் கொடுத்திருந்தால் அவரோடு வீடியோ காலிலாவது முகம் பார்த்துப் பேசாமல் பணம் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் ஒரு குறுக்கு வழி உண்டு. கடன் தேவையில்லை என்றாலும் ஒரு பொதுத்துறை வங்கிக்குப் போய், ‘இந்த மனைக்குக் கடன் தருவீர்களா?’ என்று காகிதங்களைக் கொடுத்துக் கேளுங்கள். அவர்களுடைய வழக்கறிஞர் பார்த்துச் சொல்வதற்குச் சில ஆயிரங்கள் ஆகலாம். வங்கி தயங்கினால் நாளை உங்களிடம் வாங்க வருபவரும் கடன் கிடைக்காமல் திரும்பிப் போவார். ரொக்கம் வைத்திருப்பவர் மட்டுமே வாங்கக்கூடிய சொத்து என்றைக்கும் மலிவாகத்தான் கிடக்கும்.

காகிதம் எல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். மண்ணையும் பாருங்கள். பக்கத்து வீட்டு போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், உப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்ததே, மறுநாள் காலை அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று டீக்கடையில் கேளுங்கள். கரை அங்கே வளர்கிறதா, தேய்கிறதா என்றும் விசாரியுங்கள். புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு வடக்கு நோக்கிப் போகும் மணல் தடைபட்டு, பொம்மையார்பாளையம் பக்கம் கடல் உள்ளே வந்த கதையைக் கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கால் வைக்க ஆசை என்றீர்களே, எங்கே வைப்பது? உங்களுக்கு நான் சொல்வது கடலூரிலேயே இரண்டு போர்ஷன் உள்ள பழைய வீடு. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர் என்று உங்களுக்குத் தெரிந்த தெருக்களில் தேடுங்கள். ஒன்றில் நீங்கள் இருங்கள், மற்றதை வாடகைக்கு விடுங்கள். உதாரணத்துக்கு 34 லட்சத்தில் ஒரு வீடு என்று வைப்போம். 24 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 20,800. பக்கத்துப் போர்ஷன் வாடகை 6,500, நீங்கள் இப்போது கட்டும் 8,000 வாடகை மிச்சம். கையிலிருந்து கூடுதலாகப் போவது மாதம் 6,300 ரூபாய்தான். வாடகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பெரிய வருமானம் இல்லை என்பது உண்மை. ஆனால் குடியிருக்கவும் ஆகிறது, நாளை விற்றால் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் யார் வேண்டுமானாலும் வாங்குவார், அவருக்கு வங்கியும் கடன் தரும். வீட்டுக்காரராக இருப்பது எப்படி, குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, வாடகை பாக்கியை எப்படிக் கேட்பது என்பதெல்லாம் காலி மனை கற்றுத்தராது.

ஆனால் இன்றைக்கே வாங்காதீர்கள். கைப்பணம் 10 லட்சம், பதிவுச் செலவு 3.06 லட்சம் போனால் 14 லட்சத்தில் ஒரு லட்சம்கூட மிஞ்சாது. உங்கள் செலவு மாதம் 42,000. ஆறு மாதச் செலவாவது, அதாவது இரண்டரை லட்சம், தொடாமல் இருக்க வேண்டும். ஒன்றரை வருடம் இதே 20,000-ஐச் சேர்த்தால் 3.6 லட்சம் வரும். அதுவரை பணத்தை வங்கி வைப்பில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பாருங்கள். இருபது வீடு பார்த்தால் விலை உங்களுக்கே பிடிபடும். சந்தை மந்தமாக இருக்கும்போது ‘நாளைக்கே போய்விடும்’ என்ற மிரட்டலுக்கு அர்த்தமே இல்லை. 12 வருடமாகப் பெரிதாக விலை போகாத மனை ஒன்றரை வருடத்தில் எங்கே போகப் போகிறது?

சொத்துச் சந்தையில் சிறு தொகை போட்டுப் பழக வேண்டுமானால் பங்குச் சந்தையில் பட்டியலான ரீட் (பலர் பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களில் போட்டு, வரும் வாடகையைப் பிரித்துத் தரும் அமைப்பு) யூனிட்டுகள் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் பெருநகர அலுவலகக் கட்டடங்கள், மால்கள். வாடகை வருமானம் எப்படி இயங்குகிறது என்று புரிய உதவும், விலை இறங்கவும் செய்யும்.

ரொக்க அட்வான்ஸ் விஷயம். சொத்து வாங்க 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது வருமான வரிச் சட்டம். மீறி அந்த அட்வான்ஸைப் பெறுபவருக்கு அதே அளவு தொகை அபராதம். கேட்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. நாளைக்குத் தகராறு வந்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் இருக்காது.

10,000 டோக்கன்? சர்வே எண், அங்கீகார எண், வில்லங்கச் சான்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். ‘தராவிட்டால் டோக்கனைத் திருப்பிவிடுங்கள்’ என்று அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். திரும்ப வந்தால் நல்லது. வராவிட்டால், ஒரு மனையின் பத்திரச் செலவில் சுமார் ஆறில் ஒரு பங்கோடு போயிற்று.