பெங்களூரில் இருக்கிறேன். காரின் முன் பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்துவிட்டன. வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். நான் இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இரண்டாவது முறை மாற்ற வேண்டி வந்ததுதான் வயிற்றெரிச்சல்.

சர்வீஸ் சென்டரில் ஒரு தொகையைச் சொல்லி உங்களை மிரட்டியிருப்பார்கள். நிஜமாகவே தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு; அதன் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். சாதாரண வெர்னியர் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பில் உட்கார்ந்து கூடுதலாகக் காட்டும், மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். என் டிஸ்க் தேய்ந்துதான் இருந்தது. எட்டு வருஷம் சில்க் போர்டு டிராஃபிக் நெரிசல் வழியாக ஆபீஸ் போனால் வேறென்ன ஆகும்?

ஜே.சி. ரோட்டில் டிஸ்க் ஜோடியும், அதை இறுக்கிப் பிடிக்கும் புது பேட் செட்டும் வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது, பழைய பேடையே போடுவது எல்லாம் வேண்டாம். ஞாயிறு காலை, அபார்ட்மெண்ட் பேஸ்மெண்ட். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கினேன். பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டினேன். இதுவரை சுகம். டிஸ்க்கைப் பிடித்திருந்த சுண்டைக்காய் ஸ்டார் ஸ்க்ரூவுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். தலை மழுங்கி, கடைசியில் டிரில்தான். டிஸ்க்கும் துருப்பிடித்து, அது உட்காரும் ஹப்போடு ஒட்டியிருந்தது. டிஸ்க்கிலுள்ள மரை ஓட்டைகளில் போல்ட் போட்டு மாறி மாறி முறுக்கினால் தானாக வெளியே வரும் என்பது அப்போது தெரியாது. சுத்தியலால் அடித்தேன்.

சத்தம் கேட்டு அசோசியேஷன் செயலாளர் வந்துவிட்டார். "இங்கே கார் வேலை பார்த்தால் 5000 ரூபாய் ஃபைன், தெரியுமா?" 2024 மார்ச் தண்ணீர்ப் பஞ்சத்தில், குடிநீரில் கார் கழுவினால் 5000 அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்ததே, அதை இவர் ஸ்பானருக்கும் சேர்த்துக்கொண்டார். "சார், ஒரு சொட்டுத் தண்ணீர் தொடலை" என்றேன். இவர் வீட்டு பால்கனியை ஹோஸ் போட்டுக் கழுவி எங்கள் துணியில் ஊற்றுவதற்கு எந்த சர்க்குலரும் கிடையாது. டேங்கர் தண்ணீர்க் காசு மட்டும் எல்லோருக்கும் சமம். சரி, விடுங்கள்.

அந்த எரிச்சலில் ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமலே புது டிஸ்க்கை மாட்டிவிட்டேன். மூன்று மாதத்தில் பிரேக் மிதித்தால் பெடல் துடிக்க ஆரம்பித்தது, வேகமாகப் போகும் நைஸ் ரோட்டில் ஸ்டீயரிங்கே ஆடியது. அல்சூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பில் இருந்த துருவை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "டிஸ்க் மேல தப்பில்ல தம்பி. அது உக்காந்த எடம் சரியில்ல." அந்தத் துருப்பொருக்கால் டிஸ்க் லேசாகச் சாய்ந்து, சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் பேடில் உரசி, தடிமன் ஏற்ற இறக்கமாகிவிட்டதாம். மறுபடி ஒரு ஜோடி வாங்கினேன். மிச்சம் பிடித்தது எல்லாம் போச்சு. இந்த முறை வயர் பிரஷ்ஷால் ஹப் பளபளக்கும்வரை தேய்த்தேன், டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சையும் பிரேக் கிளீனரால் துடைத்தேன்.

"பிரேக்கில் விளையாடலாமா, உயிர் சமாச்சாரம்" என்று சிலர் கிளம்புவீர்கள். எனக்கும் ஒரு குடும்பம் அந்த வண்டியில்தான் போகிறது. நட்டைக் குறித்த அளவுக்கு முறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இறங்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

இன்னொன்று. புது பேடுக்கு இடம் வேண்டி கேலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள், அதனால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும். வண்டியை நகர்த்தும் முன்பே கெட்டியாகும்வரை மிதித்துவிடுங்கள். நான் முதல் முறை மறந்துபோய், தூணுக்கு அரை அடி முன்னால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். நல்லவேளை, செயலாளர் அதற்குள் மேலே போயிருந்தார்.