அகலேசியாவுக்குக் கத்தி வைத்தே ஆகவேண்டுமா?

யாங்கூனில் உங்கள் அம்மாவுக்கு அகலேசியா, அறுவை செய்தே ஆகவேண்டுமா என்று கேட்கிறீர்கள். மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்கூட நெஞ்சில் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, தைரியமாக இருங்கள். உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை தளர மறுப்பதுதான் நோய். 1913இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹெல்லர் அந்தத் தசையை வெட்டித் தளர்த்தினார். அதையே இன்று வயிற்றில் இடும் சிறு துளைகள் வழியே செய்கிறார்கள்.

ஜப்பானில் மருத்துவர் இனோவே 2008இல் தொடங்கிய ‘போயம்’ முறையில் வெளிக்காயமே இல்லை. மயக்கம் கொடுத்து, வாய்வழியே எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய வளையும் குழாய்) இறக்கி, உள்சவ்வில் சிறு கீறல் போட்டு, சவ்வுக்கடியில் சுரங்கம்போல் நுழைந்து, இறுகிய தசையை மட்டும் அறுத்து, கீறலைக் கிளிப்புகளால் மூடுகிறார்கள்.

ஒரு குறை: பிறகு நெஞ்செரிச்சல் வரலாம். ஹெல்லர் அறுவையில் இரைப்பையின் மேல்பகுதியையும் உணவுக்குழாயைச் சுற்றித் தைப்பதால் அது குறைவு. முதலில் உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மனோமெட்ரி பரிசோதனை செய்யுங்கள்; அகலேசியா எந்த வகை என்று தெரியும். உணவுக்குழாய் இறுகிச் சுருங்கும் மூன்றாம் வகை என்றால் போயம்தான் என் தேர்வு.